தாவரவழி வெள்ளி நானோதுகள் தயாரிப்பு

வெள்ளி உப்புக் கரைசலில் இலைச்சாற்றைச் சேர்த்து, அதிலுள்ள வெள்ளி அயனிகளை 1 முதல் 100 நானோமீட்டர் வரையிலான உலோகத் துகள்களாக்கும் முறை. பசுமைத் தயாரிப்பு என்றும் சொல்வர். சோடியம் போரோஹைட்ரைடு, ஹைட்ரசீன் போன்ற கடுமையான வேதிப்பொருள்களின் வேலையை இங்கே இலையிலுள்ள ஃபீனால்களும் ஃபிளேவனாய்டுகளும் செய்கின்றன. அவை எலக்ட்ரானைக் கொடுக்க, வெள்ளி அயனி அதை வாங்கி உலோக அணுவாகிறது. அணுக்கள் திரண்டு துகளாகின்றன. சாற்றிலுள்ள புரதமும் பிற சேர்மங்களும் துகளின் மேல் போர்வையாகப் படிந்து, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கின்றன.

இந்தியாவில் இத்துறைக்கு வழி திறந்தது புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரி நடத்திய ஆய்வுக்குழு. 2003இல் ஜெரேனியம் இலையைக் கொண்டு வெள்ளித் துகளும், 2004இல் வேப்பிலையைக் கொண்டு வெள்ளி, தங்கம் இரண்டின் துகள்களும் அங்கே செய்யப்பட்டன. அதன்பின் கிட்டத்தட்ட எல்லா மூலிகையும் சோதனைக் குடுவைக்குள் இறங்கிவிட்டது.

தமிழ்நாட்டு ஆய்வுகளில் குறிப்பிடத்தக்கது 2010இல் வெளிவந்த குப்பைமேனி ஆய்வு. சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தைச் சேர்ந்த சி. கிருஷ்ணராஜ், பி. டி. கலைச்செல்வன் முதலியோர் இதைச் செய்தனர். தர்மபுரி மாவட்டத்துக் கடத்தூரானாலும் சென்னைப் புறநகரானாலும், வரப்போரத்திலும் குப்பைமேட்டிலும் யாரும் விதைக்காமல் முளைக்கும் செடி அது. பூனைவணங்கி என்றும் பெயர். சொறி சிரங்குக்கு அதன் இலையை உப்போடு அரைத்துப் பூசுவது பழைய வழக்கம். அதன் சாறு 30 நிமிடத்துக்குள் வெள்ளித் துகள்களை உருவாக்கியது. அளவு 20 முதல் 30 நானோமீட்டர். நீரால் பரவும் நோய்க்கிருமிகளான எஸ்செரிச்சியா கோலி, காலராவை உண்டாக்கும் விப்ரியோ காலரே இரண்டின் வளர்ச்சியையும் மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் தடுத்தது. விலையில்லாத ஒரு களையிலிருந்து இப்படியொரு முடிவு கிடைத்தது பல கல்லூரி ஆய்வகங்களுக்கு ஊக்கம் தரக்கூடியது. கடத்தூர் வட்டாரத்துக் கொடிக்கால்களில் விளையும் வெற்றிலையும் இவ்வாறே பயன்பட்டுள்ளது. ஹைதராபாத் இந்திய வேதித் தொழில்நுட்ப நிறுவனத்தார் 2011இல் வெற்றிலைச் சாற்றால் வெள்ளித் துகள் செய்து, டாஃப்னியா என்னும் நீர்த்தெள்ளு மீது அதன் நச்சுத்தன்மையையும் சேர்த்தே சோதித்தனர்.

செய்முறை எளிது. கழுவிய இலையைக் காய்ச்சி வடிகட்டிய நீரில் கொதிக்கவைத்து வடித்து, 1 மில்லிமோலார் வெள்ளி நைட்ரேட் கரைசலில் சிறிது சிறிதாகச் சேர்ப்பர். வெளிர்மஞ்சள் கரைசல் பழுப்பாக மாறும். துகளின் மேற்பரப்பு எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து அதிர்வதே நிறமாற்றத்துக்குக் காரணம்; நிறமாலைமானியில் 400 முதல் 450 நானோமீட்டர் அலைநீளத்தில் மேடு தெரியும். சூடும் காரத்தன்மையும் வினையை விரைவுபடுத்தும். ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தக் கூடாது. அதிலுள்ள குளோரைடு வெள்ளியைப் பிடித்து வெண்ணிற வெள்ளி குளோரைடாகப் படியச் செய்துவிடும். நிறம் மாறியது மட்டும் போதிய சான்றல்ல. துகளின் படிக அமைப்பை எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவாலும், அளவையும் வடிவத்தையும் ஊடுருவல் எலக்ட்ரான் நுண்ணோக்கியாலும் உறுதிசெய்ய வேண்டும்.

பாக்டீரியாவைக் கொல்வதில் முதன்மைப் பங்கு துகளிலிருந்து கசியும் வெள்ளி அயனிக்கு உண்டு. அது நொதிகளிலுள்ள கந்தகப் பகுதியோடு பிணைந்து சுவாசத்தை முடக்குகிறது. செல்லுக்குள் வினைமிகு ஆக்சிஜன் பெருகக் காரணமாகிறது. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் காற்றில்லாச் சூழலில் சோதித்தபோது, அயனி கசியாததால் துகள்கள் எஸ்செரிச்சியா கோலியைக் கொல்லவில்லை.

கிருமியைக் கொல்வதோடு இத்துகள்களுக்குச் சொல்லப்படும் இரண்டாவது பண்பான ஆக்சிஜனேற்ற எதிர்ப்பை இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டியுள்ளது. கிருமிக்குள் ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டும் அதே துகள், டிபிபிஹெச் என்னும் தனியுறுப்பைக் கொண்டு செய்யும் சோதனையில் ஊதா நிறத்தை மஞ்சளாக்கி, ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பதாகக் காட்டுகிறது. இதில் முரண்பாடு இல்லை. தடுப்பதில் பெரும்பங்கு துகளைப் போர்த்தியிருக்கும் இலைச் சேர்மங்களுடையதாக இருக்கலாம். வெற்றிலையின் ஹைட்ராக்சிசாவிகால் தனியாகவே சிறந்த ஆக்சிஜனேற்ற எதிர்ப்பி. வெள்ளி அயனிக்கு எலக்ட்ரான் தரும் குணமும் தனியுறுப்புக்கு எலக்ட்ரான் தரும் குணமும் ஒன்றே. ஆகவே இலைச்சாறு தனியாக, வெள்ளி நைட்ரேட் தனியாக, நன்கு கழுவிய துகள் தனியாக என மூன்றையும் ஒரே தட்டில் சோதித்துக் காட்டாத ஆய்வில், பெருமை யாருக்குரியது என்று சொல்ல வழியில்லை. அகார் தட்டில் கிருமி வளராத வட்டத்தின் அகலமும் அப்படித்தான். துகள் அகாருக்குள் மெதுவாகவே பரவுவதால், வட்டம் சிறுத்தது வீரியக் குறைவால் என்று முடிவுகட்ட முடியாது. குறைந்தபட்சத் தடுப்புச் செறிவே நம்பத்தக்க அளவுகோல்.

பயன்பாட்டில் காயக்கட்டுத் துணி, பூச்சு, குடிநீர் வடிகட்டி ஆகியவை முன்னிற்கின்றன. குடிநீரில் வெள்ளி லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணய விதி. சென்னை ஐஐடியில் டி. பிரதீப் குழு 2013இல் வெளியிட்ட வடிகட்டிப் பொருளின் சிறப்பு, அந்த வரம்புக்குள் அயனியைச் சீராக விடுவது. தர்மபுரி மக்கள் ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும்: வெள்ளி கிருமியைக் கொல்லும், ஃபுளோரைடை நீக்காது. மாவட்டத்து நிலத்தடி நீரின் பெருங்குறை ஃபுளோரைடு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான்.

பசுமை என்ற அடைமொழி தயாரிக்கும் வழிக்கு உரியது. விளைபொருளான வெள்ளி நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. வெள்ளியை எதிர்த்து வாழும் பாக்டீரியாக்களும் 1970களிலிருந்தே தீக்காயப் பிரிவுகளில் கண்டறியப்பட்டுள்ளன. 1 மில்லிமோலார் கரைசலில் லிட்டருக்கு ஏறத்தாழ 108 மில்லிகிராம் வெள்ளி இருக்கிறது. குடிநீர் வரம்பைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேல். கல்லூரி ஆய்வகத்தில் மிஞ்சியதைத் தொட்டியில் ஊற்றாமல், நைட்ரிக் அமிலத்தில் துகளைக் கரைத்து, உப்புநீர் சேர்த்தால் வெள்ளி குளோரைடாகப் படியும். அதை வடித்து, இருண்ட புட்டியில் சேர்த்துவைத்தால் வெள்ளியை மீட்டெடுக்கலாம்.