கல்லுக்கு ஒரு கேமரா, கல்யாணத்துக்கு ஒரு கேமரா

உடையார்பாளையம் வட்டத்தில் உள்ள கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் மதில், கற்கள் பெயர்க்கப்படுவதற்கு முன் எப்படி இருந்தது என்று காட்ட ஒரு புகைப்படம்கூடக் கிடையாது. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது அந்த மதிலின் கற்களை எடுத்துப் போனார்கள். பாரிஸில் தாகேரின் புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். இந்த வட்டாரத்தின் புகைப்பட வரலாற்றை எழுதப் புகுந்தால் அந்த மூன்று ஆண்டு இடைவெளியிலிருந்துதான் தொடங்க வேண்டும். இன்று ஜெயங்கொண்டத்திலும் உடையார்பாளையத்திலும் தொழிலுக்கோ ஆசைக்கோ படமெடுப்பவர்களுக்கு முன்னால், பழைய டி.எஸ்.எல்.ஆரைக் கொடுத்துவிட்டு மிரர்லெஸ் கேமராவுக்கு மாறுவதா என்ற கேள்வி நிற்கிறது. கையில் இருக்கும் கருவியால் எந்தப் படம் தவறிப்போகிறது என்று தெரிந்த பிறகே புதியதற்குப் பணம் போட வேண்டும் என்பது என் கட்சி. தமிழ்நாட்டுப் புகைப்பட வரலாறு அதற்குச் சான்று சொல்கிறது.

லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தவர். 1858இல் அவர் மதுரை, திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று மாட்டுவண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு சுற்றினார். அதற்கு ஏழு ஆண்டு முன்பே, 1851இல், ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசிப் படமெடுக்கும் முறையை வெளியிட்டுவிட்டார். காகித நெகட்டிவைவிட அது துல்லியமானது, வேகமானது. ஆனால் தகட்டில் பூசிய ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். நம் ஊர் வெயிலில் ஈரம் எவ்வளவு நேரம் நிற்கும்? மெழுகு தடவிய காகிதத்தையோ முன்கூட்டியே தயார் செய்து வண்டியில் கொண்டுபோகலாம். வெளிச்சம் பட நிமிடக் கணக்கில் ஆகும் என்பது அதன் குறை. கோபுரம் அசையாது என்பதால் அந்தக் குறை அவரைப் பாதிக்கவில்லை. பெரிய படங்களுக்குக் காகிதத்தையே வைத்துக்கொண்டார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளமுள்ள ஒரே படமாக்கினார். அந்தக் கல்வெட்டுகளைக் கல்வெட்டறிஞர் ஹூல்ஷ் பதிப்பித்து வெளியிடத் தொடங்கியதே 1890களில்தான். புதிய முறையை அவர் அறியாதவர் அல்ல. இரட்டைப் படங்களாகப் பார்க்கும் சிறிய ஸ்டீரியோ காட்சிகளுக்குக் கண்ணாடியைத்தான் எடுத்தார். வேலைக்கு வேலை கருவி மாறியது.

அப்படியானால் புதியது வேண்டவே வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். 1867-68இல் அதே மாகாணத்துக் கோயில்களை எட்மண்ட் லயன் என்ற புகைப்படக்காரர் படமெடுத்தது கண்ணாடித் தகட்டில். காகிதத்தின் நாரில் மங்கிப்போகும் நுணுக்கங்கள் அதில் தெளிவாக விழுந்தன. 1880களில் உலர்தகடு பரவியதும், போகுமிடமெல்லாம் இருட்டுக் கூடாரத்தைச் சுமக்கும் பாடு ஒழிந்தது. இவையெல்லாம் மாறியே தீர வேண்டிய மாற்றங்கள், சந்தேகமில்லை.

ஆனால் இந்த வட்டாரத்துக்குப் புகைப்படம் செய்த மிகப் பெரிய நன்மையில் கருவியின் புதுமைக்கு இடமே இல்லை. ஸ்ரீபுரந்தான் பிரகதீஸ்வரர் கோயிலின் சோழர் கால நடராஜர் திருடப்பட்டு, கடத்தப்பட்டு, 2008இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்துக்கு 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டார். அவர் ஸ்ரீபுரந்தானுக்கு உரியவர் என்பதை நிலைநாட்ட உதவியவை, திருட்டுக்கு முன்பே புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் எடுத்து வைத்திருந்த படங்கள். 1956 முதல் தென்னிந்தியக் கோயில்களை ஒவ்வொன்றாகப் படமெடுத்து அந்த நிறுவனம் லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைச் சேர்த்திருக்கிறது. யாரோ ஒருவர் அந்தச் சிற்றூர்வரை போனார், நேராக நின்று எடுத்தார், எடுத்ததற்குக் குறிப்பு எழுதி வைத்தார், பிறகு வந்தவர்கள் அதைக் காப்பாற்றினார்கள். 2014 செப்டம்பரில் நடராஜர் இந்தியாவுக்குத் திரும்பினார். எந்தக் கேமராவில் எடுத்தது என்பது அதில் ஒரு பொருட்டே இல்லை.

இன்றைய கணக்குக்கு வருவோம். 2014இல் வந்த நிக்கான் டி750 என்ற டி.எஸ்.எல்.ஆர், 2018இல் வந்த மிரர்லெஸ் இசட்6, 2024இல் வந்த இசட்6 மூன்றாம் பதிப்பு ஆகிய மூன்றுமே சுமார் 24 மெகாபிக்சல்தான். பகல் வெளிச்சத்தில் கங்கைகொண்ட சோழபுரத்துச் சண்டேச அனுக்கிரக மூர்த்தியை எடுத்து அச்சிட்டால் எது எந்தக் கேமரா என்று பிரித்துச் சொல்வது கடினம். மாற்றம் வேறிடத்தில் இருக்கிறது. தொல்லியல் துறையின் கோயில்களில் அனுமதி இல்லாமல் டிரைபாட் வைக்க முடியாது. மகாமண்டபத்தின் அரையிருட்டில் கையில் பிடித்தே எடுக்க வேண்டும். அங்கே மிரர்லெஸ் கேமராவின் உடலுக்குள்ளேயே சென்சாரை நிலைப்படுத்தும் அமைப்பு உண்மையான லாபம். கல்யாண வேலையிலும் அப்படித்தான். தாலி கட்டும் அந்தச் சில நொடிகளில் சொந்தக்காரர்கள் முண்டியடிக்கும்போது, மணப்பெண்ணின் கண்ணைத் தானே பிடித்துத் தொடரும் போக்கஸ் பழைய கேமராவில் இந்த அளவுக்கு இல்லை. முகூர்த்தத்தை இரண்டாம் முறை எடுக்க முடியாது.

சந்தை கேட்கிறது, பழைய கேமராவுக்கு நாளை உதிரிபாகம் கிடைக்காது என்பார்கள். நியாயமான கவலைதான். ஆனால் டிரைப்பின் பணி பழைய முறையால் நிற்கவில்லை. 1859இல் ஆளுநராக வந்த டிரெவெலியன் அதை நிதிநிலைக்கு ஒவ்வாத ஆடம்பரம் என்று முடிவு செய்து நிறுத்தினார். 1860இல் அந்தப் பிரிவே மூடப்பட்டது. படமெடுப்பது நின்றதுதான் இழப்பு. கடன் வாங்கிப் புதுக் கேமரா வாங்கிவிட்டு, பெட்ரோலுக்கும் ஹார்டு டிஸ்குக்கும் கையில் காசில்லாமல் போனால் அதே இழப்பைத் தனி மனிதரும் அடைவார்.

ஆகவே, கல்யாண வேலையில் பிழைப்பவர் மாறட்டும். பழைய லென்ஸ்களை அடாப்டர் போட்டுக் கொஞ்ச காலம் ஓட்டலாம். ஆசைக்கு எடுப்பவர் இருப்பதையே வைத்துக்கொண்டு, மிச்சமாகும் பணத்தில் நல்ல லென்ஸ் ஒன்றும் படங்களைப் பிரதியெடுத்து வைக்க இரண்டு ஹார்டு டிஸ்கும் வாங்கட்டும். உங்கள் ஊர்ச் சிறு கோயிலின் செப்புத் திருமேனிகளை, அனுமதி பெற்று, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் இந்த மாதமே படமெடுத்து, ஊரும் தேதியும் எழுதிப் பத்திரப்படுத்துங்கள்.