பின்னால் ஒரு வீடு: டிரெய்லர் இழுத்த கார்களும் பெட்ரோல் கணக்கும்

போன மாதம் நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது, உங்களுக்கு நினைவிருக்கும். அமெரிக்க நெடுஞ்சாலையில் ஒரு கார், அதன் பின்னால் வெள்ளிபோல் மின்னும் ஒரு குட்டி வீடு. கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளே. "ஹோட்டல் செலவே இல்லை, நாமும் இப்படிப் போனால் என்ன?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் போட எனக்கு மனம் வரவில்லை. போக்குவரத்துக் கழகத்தில் இருபத்தெட்டு வருடம் டீசல் கணக்கு பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எந்த வண்டியைப் பார்த்தாலும் முதலில் "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" என்றுதான் கேட்கத் தோன்றும். ஆகவே ஆசிரியர் குழுவிடம் இரண்டு பக்கம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

சென்ற ஆண்டு மகள் வீட்டில் தங்கியிருந்தபோது இந்தக் கணக்கு என் கண்முன்னே நடந்தது. ஒரு வாரத்துக்கு டிராவல் டிரெய்லர் ஒன்றை வாடகைக்கு எடுத்தார்கள். தனியாக ஓடும்போது கேலனுக்கு 20 மைல் கொடுக்கும் பிக்கப் வண்டி, டிரெய்லரை மாட்டியதும் 9 மைலுக்கு இறங்கிவிட்டது. நம் கணக்கில் லிட்டருக்கு எட்டரை கிலோமீட்டர் கொடுத்த வண்டி நாலு கிலோமீட்டருக்குக் கீழே. மாப்பிள்ளை பதறிப்போய், "மாமா, இன்ஜின்ல ஏதோ கோளாறு" என்றார். மெக்கானிக் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்: கோளாறு இன்ஜினில் இல்லை, பின்னால் மாட்டியிருப்பதில்தான். பெட்ரோலுக்கு ஒதுக்கிய பணம் பாதி வழியிலேயே தீர்ந்ததால், பார்க்க நினைத்த இரண்டு பூங்காக்களில் ஒன்றை விட்டுவிட வேண்டியதாயிற்று. பேரனுக்கு அதில் ரொம்ப வருத்தம்.

அந்த 9 மைல் புதிய கதை இல்லை. அதற்கு நூறு வருட வரலாறு இருக்கிறது.

மெதுவாகப் போன காலம்

கார் பயணிகள் வழியிலேயே முகாம் போட்டுத் தங்கும் பழக்கம் அமெரிக்காவில் முதல் உலகப் போர் முடிந்த கையோடு பெருகியது. 1919-ல் ஃபுளோரிடாவின் டாம்பா நகரில் இப்படிப்பட்டவர்கள் கூடி 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்ற சங்கத்தையே தொடங்கினார்கள். அவர்களில் பலர் வைத்திருந்தது ஃபோர்டு மாடல் டி. அதன் இன்ஜின் திறன் 20 குதிரைத்திறன். இன்றைய சிறிய கார்களில் பாதிகூடத் தேறாது. சாலைகளும் மண் சாலைகள். மணிக்கு 30, 35 மைல் போனாலே பெரிது.

இந்த வேகத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேகத்தில் காற்று பெரிய எதிரி அல்ல. பின்னால் இழுத்த வண்டி பெட்டி மாதிரி சதுரமாக இருந்தாலும் செலவில் அது பெரிதாகத் தெரியவில்லை.

1930-களில் டிட்ராய்ட்டில் ஆர்தர் ஷெர்மன் என்பவர் 'கவர்டு வேகன்' என்ற பெயரில் டிரெய்லர்களைத் தொழிற்சாலையிலேயே செய்து விற்றார். பெட்டி வடிவம்தான், ஆனாலும் நன்றாக விற்றது. பொருளாதார நிபுணர் ரோஜர் பாப்சன், இருபது வருடத்தில் பாதி அமெரிக்கர்கள் டிரெய்லரில்தான் குடியிருப்பார்கள் என்று ஆரூடமே சொன்னார். அது பலிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

விமானக்காரர்கள் கண்டது

காற்றின் பலம் முதலில் புரிந்தது விமானம் செய்தவர்களுக்குத்தான். அட்லாண்டிக்கை லிண்ட்பெர்க் தனியாகக் கடந்த 'ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ்' விமானம் ரையன் நிறுவனத்தில் உருவானபோது, அங்கே மேற்பார்வையாளராக இருந்தவர் ஹாலி பௌலஸ். கிளைடர் செய்வதில் வல்லவர். 1934-ல் அவர் அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்து, மீன் உடம்பு போல வழுவழுப்பான ஒரு டிரெய்லர் செய்தார். வியாபாரம் நிலைக்கவில்லை. அவரிடம் இருந்த வாலி பயாம் அந்த வடிவத்தை எடுத்துத் திருத்தி, 1936-ல் 'ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்' என்று வெளியிட்டார். நீங்கள் வீடியோவில் பார்த்த வெள்ளி வண்டியின் மூதாதை அதுதான். விலை 1,200 டாலர். அன்றைக்கு ஒரு புது ஃபோர்டு கார் அதில் பாதி விலைக்கே கிடைத்தது!

எடை குறைவு, காற்றில் வழுக்கிச் செல்லும் உடம்பு. இந்த இரண்டையும் சொல்லித்தான் பயாம் விற்றார். 1947-ல் ஆல்ஃபிரெட் லெடூர்னர் என்ற பிரெஞ்சு சைக்கிள் பந்தய வீரரை விட்டு, ஒரு ஏர்ஸ்ட்ரீமை சைக்கிளால் இழுக்க வைத்துப் படம் பிடித்தார்கள். அந்தப் படம்தான் பின்னர் நிறுவனத்தின் சின்னமாயிற்று.

ரப்பரும் ரேஷனும்

நடுவில் போர் வந்தது. பெட்ரோல் அமெரிக்காவிலேயே கிடைத்தது. தட்டுப்பாடு டயருக்குத்தான். 1942 தொடக்கத்தில் மலாயா ஜப்பானியர் கைக்குப் போனது. அமெரிக்க டயர்களுக்குப் போன ரப்பரில் பெரும்பங்கு அந்தப் பகுதியிலிருந்துதான். அந்தத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் நம் ஊர்களிலிருந்து கப்பலேறிய தமிழர்கள். நம் குடியிருப்பிலேயே 'மலேயா தாத்தா' கதை சொல்லும் குடும்பங்கள் உண்டு.

டயரைக் காப்பாற்ற வேண்டுமானால் வண்டி ஓடுவதைக் குறைக்க வேண்டும். அதற்கு பெட்ரோலை ரேஷன் செய்தார்கள். 1942 டிசம்பரில் அது நாடு முழுவதும் வந்தது. சாதாரணக் கார்க்காரருக்கு வாரத்துக்கு 4 கேலன், பிறகு 3 கேலன். வேக வரம்பு 35 மைல். அலுமினியம் போர் விமானங்களுக்குப் போனதால் ஏர்ஸ்ட்ரீம் உற்பத்தியும் நின்றது. உல்லாச டிரெய்லர் அப்போது போர்த் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்குக் குடியிருப்பானது.

நெடுஞ்சாலை தந்த வேகம்

1956-ல் அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்ட சட்டத்தால் 41,000 மைல் நீளத்துக்கு நெடுஞ்சாலைகள் திட்டமிடப்பட்டன. பெட்ரோல் கேலன் 30 சென்ட் அளவில் கிடைத்தது. பெரிய எட்டு சிலிண்டர் இன்ஜின் கார்கள் வந்தன. 35 மைலில் ஊர்ந்த டிரெய்லர் 65, 70 மைலில் பறக்கத் தொடங்கியது.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய கணக்கு இருக்கிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நாலு மடங்கு. மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 100-க்குப் போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது, ஆனால் காற்றின் எதிர்ப்பு 56 சதவீதம் கூடுகிறது. காரைவிட உயரமும் அகலமும் கொண்ட டிரெய்லர், காற்றுக்கு எதிராக ஒரு சுவரைத் தூக்கிப் பிடிப்பது போல. அதனால்தான் சமதளச் சாலையில் எடையைவிட வடிவமும் வேகமும் அதிகம் பெட்ரோல் குடிக்கின்றன.

எடையின் வேலை மேட்டில் தெரியும். 3 டன் டிரெய்லரை 1,000 மீட்டர் உயரத்துக்கு இழுத்துப் போக, அந்த ஏற்றத்துக்கு மட்டும் கூடுதலாக ஏறத்தாழ 3 லிட்டரிலிருந்து 4 லிட்டர் வரை பெட்ரோல் ஆகும். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறுவதைவிடக் கொஞ்சம் குறைவான உயரம் அது.

பெட்ரோல் மலிவாக இருந்தவரை இந்தக் கணக்கை யாரும் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூடிய பங்க்

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தின. பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த எண்ணெய் சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. பங்குகளில் நீண்ட வரிசை. பல இடங்களில் ஒற்றைப்படை எண் வண்டிக்கு ஒரு நாள், இரட்டைப்படைக்கு மறுநாள். ஞாயிற்றுக்கிழமை விற்க வேண்டாம் என்று அதிபர் நிக்சன் பங்குகளைக் கேட்டுக்கொண்டார். 1974 ஜனவரியில் நாடு முழுவதும் வேக வரம்பு 55 மைலானது.

அன்றைய செலவைப் பாருங்கள். கேலனுக்கு 10 மைல் கொடுக்கும் வண்டியில் 3,000 மைல் சுற்றுலா என்றால் 300 கேலன் வேண்டும். 1973-ல் கேலன் 39 சென்ட் என்று வைத்தால் 117 டாலர். 2022 ஜூனில் கேலன் 5 டாலரைத் தாண்டியபோது இதே பயணத்துக்கு 1,500 டாலர். 1973-ன் 117 டாலரை 2022-ன் பண மதிப்புக்கு மாற்றினாலும் 770 டாலர் அளவில்தான் வரும்.

அப்படியானால் 2022-ல்தானே மக்கள் பயந்திருக்க வேண்டும்? ஆனால் செலவு குறைவாக இருந்த 1973-க்குப் பின்னும் தொழில் பலமாகச் சரிந்தது. 1972-ல் அமெரிக்காவில் ஏறத்தாழ 5.8 லட்சம் சுற்றுலா வண்டிகள், அதாவது டிரெய்லர்களும் மோட்டார் வீடுகளும் சேர்த்து, தொழிற்சாலையிலிருந்து கிளம்பின. 1974-ல் அது 3 லட்சத்துக்கும் கீழே போனது. ஈரான் புரட்சியால் இரண்டாம் நெருக்கடி வந்து, கடன் வட்டியும் எகிறிய 1980-ல் ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டியது.

விலை ஏறினால் குடும்பம் செலவைக் குறைத்துச் சமாளிக்கும், ஒரு பூங்காவை விட்டுவிடும். ஆனால் ஊரை விட்டு நானூறு மைல் தள்ளி, குழந்தைகளோடு நிற்கும்போது ஞாயிற்றுக்கிழமை பங்க் திறந்திருக்குமா என்றே தெரியாவிட்டால் யாரும் வீட்டை விட்டுக் கிளம்பமாட்டார்கள். டிப்போவில் டீசல் லாரி வராத நாட்களைப் பார்த்தவன் என்பதால் எனக்கு இது நன்றாகப் புரிகிறது.

சின்னதாகி, மறுபடி பெரிதானது

அந்த நெருக்கடியில் தப்பிப் பிழைத்தவை சின்ன வண்டிகள். கனடாவின் வின்னிபெக்கில் ரே ஒலெக்கோ 1968-லேயே ஃபைபர் கிளாஸில் முட்டை போன்ற 'போலர்' டிரெய்லரைச் செய்திருந்தார். எடை அரை டன்னுக்கும் குறைவு. சின்னக் காரே இழுத்துவிடும். ஏர்ஸ்ட்ரீம் நிறுவனமும் 1977-ல் 'ஆர்கோசி மினுவெட்' என்று எடை குறைந்த வண்டிகளை இறக்கியது.

1975-ல் வந்த எரிசக்திச் சட்டம், 1985-க்குள் புதிய கார்களின் சராசரி மைலேஜ் கேலனுக்கு 27.5 மைலாக வேண்டும் என்றது. கார்கள் சிறியதாயின, இழுக்கும் சக்தியும் குறைந்தது. ஆனால் பிக்கப் வண்டிகளுக்கு விதி அவ்வளவு கடுமையாக இல்லை. டிரெய்லர் இழுக்க விரும்பியவர்கள் பிக்கப்புக்கு மாறினார்கள். பெட்ரோலைச் சேமிக்க வந்த சட்டமே அவர்களை அதிகம் குடிக்கும் வண்டிக்குத் தள்ளியது. இன்னொன்றும் உண்டு. வண்டியின் மேல் ஒட்டியிருக்கும் அரசு மைலேஜ் எண், டிரெய்லர் மாட்டாமல் சோதித்தது. மாப்பிள்ளை நம்பி ஏமாந்த எண் அதுதான்.

இப்போது மின்சார பிக்கப்புகள் வந்துவிட்டன. பெரிய டிரெய்லரை மாட்டினால் அவற்றின் தூரமும் பாதியளவுக்கு விழுகிறது. காற்றுக்குப் பெட்ரோலும் ஒன்றுதான், பேட்டரியும் ஒன்றுதான். 2023-ல் அறிமுகமான 'லைட்ஷிப்' டிரெய்லர் ஓடும்போது கூரையை இறக்கித் தாழ்ந்துகொள்கிறது. தனக்கென்று பேட்டரியும் மோட்டாரும் வைத்திருக்கிறது. கூரையைத் தாழ்த்தும் யோசனை புதிதல்ல. 1950-களிலேயே ஓஹையோவில் 'ஹை-லோ' என்ற டிரெய்லர் அதைச் செய்துவிட்டது.

நமக்கு என்ன?

திரும்பி வரும்போது மாப்பிள்ளையிடம், "70-ல் போகாமல் 60-ல் போய்ப் பாருங்கள்" என்றேன். 600 மைல் தூரம். போகும்போது 9 கொடுத்த வண்டி வரும்போது 11 கொடுத்தது. காற்றின் திசையும் கொஞ்சம் உதவியிருக்கலாம். மிச்சம் 12 கேலன், ஏறத்தாழ 45 லிட்டர். பயணம் கூடியது ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. முன்பே தெரிந்திருந்தால் போகும்போதும் அப்படியே போய், பேரனுக்கு அந்த இரண்டாவது பூங்காவையும் காட்டியிருப்போம். சொந்தமாக டிரெய்லர் வாங்கும் யோசனையை மகள் விட்டுவிடவில்லை. ஆனால் இப்போது பெரிய பெட்டி விளம்பரங்களைத் தள்ளிவிட்டு, கூரை தாழும் சின்ன வண்டிகளைப் பார்க்கிறாள்.

நம் குடியிருப்பில் யாரும் நாளைக்கே டிரெய்லர் வாங்கப்போவதில்லை. வாங்கினாலும் நம் பார்க்கிங்கில் நிறுத்த இடமில்லை என்பதைச் செயலாளர் சொல்லிவிடுவார்! ஆனால் பள்ளி விடுமுறையில் குலதெய்வம் கோவிலுக்கோ கொடைக்கானலுக்கோ காரின் தலையில் கேரியர் போட்டு, பெட்டிகளை அடுக்கித் தார்ப்பாய் கட்டிக் கிளம்புகிறோம் அல்லவா? நாமும் காற்றுக்கு எதிராக ஒரு குட்டிச் சுவரைத் தூக்கிக்கொண்டுதான் போகிறோம்.

அடுத்த முறை ஒரு சோதனை செய்யுங்கள். டேங்கை நிரப்பி, மீட்டரைக் குறித்துக்கொண்டு, போகும்போது 100-லும் வரும்போது 80-லும் ஓட்டுங்கள். இரண்டு பக்கமும் லிட்டருக்கு எவ்வளவு கிடைத்தது என்று எழுதி வையுங்கள். ஊரிலிருந்து திரும்பியதும் காலியான கேரியரை மறக்காமல் கழற்றிவிடுங்கள். உங்கள் எண்களை ஆசிரியர் குழுவுக்கு அனுப்பினால், அடுத்த இதழில் எல்லோருடைய கணக்கையும் ஒரே அட்டவணையாகப் போட்டுத் தருகிறேன். டீசல் கணக்கு பார்த்த கை இன்னும் சும்மா இருக்க மறுக்கிறது.