வாயிற்காவலன் தளர்ந்த வரலாறு

கோட்டையை முடக்க எண்ணும் பகைவன் மதிலை இடிக்க வேண்டுமென்பதில்லை. வாயிற்காவலனை ஓயாத வீண்வேலையில் ஆழ்த்திவிட்டாலே போதும்; உள்ளே செல்ல வேண்டிய நல்லோர் வெளியே நின்று வாடுவர். இணைய உலகில் இதற்குச் ‘சேவை மறுப்புத் தாக்குதல்’ என்று பெயர். இதில் களவு போவது ஒன்றுமில்லை. ஆயினும் வேண்டியவர்க்கு வேண்டியது கிட்டுவதுமில்லை. இத்தாக்குதலுக்கு ஆளான காவலர்களுள் ஒருவன், ‘பிராக்சி சர்வர்’ எனப்படும் பதிலாள் வழங்கி.

பதிலாளின் பிறப்பு

பயனாளருக்கும் வலைத்தளங்களுக்கும் நடுவே நின்று, ஒருவர் சார்பில் மற்றவரிடம் கேட்டு வாங்கித் தருவது இம்மென்பொருளின் தொழில். ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆராய்ச்சிக் கழகத்தின் வலை வழங்கியில் இவ்வசதி அமைந்தது. அதனை விளக்கும் கட்டுரையை, 1994 மே மாதம் ஜெனீவாவில் கூடிய முதல் உலகளாவிய வலை மாநாட்டிற்கு ஆரி லூடோனன், கெவின் ஆல்டிஸ் ஆகிய இருவரும் அளித்தனர். பாதுகாப்பு அரணுக்குள் இருந்த அலுவலகங்கள் வெளியுலகைக் காண இது வழி செய்தது. ஒருமுறை கொணர்ந்த பக்கத்தைச் சேமித்து வைத்து அடுத்தவருக்கு உடனே தந்தமையால் காலமும் மிஞ்சியது. 1996இல் தோன்றிய ‘ஸ்குவிட்’ என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைத்தமையால் எங்கும் பரவியது.

நினைவு, பொறுமை, விரைவு ஆகிய மூன்றும் இக்காவலனின் நற்பண்புகள். இம்மூன்றையுமே பகைவர் படைக்கலமாக்கிக் கொள்ள முடியும் என்பதைப் பின்வந்த வரலாறு காட்டிற்று.

நினைவே சுமையானது

நூலகத்தில் ஆயிரம் அட்டைகளைப் பல அறைகளில் பிரித்து வைத்தால் தேடுவது எளிது. அத்தனையும் ஒரே அறையில் விழுமாயின், ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டியதுதான். ‘ஹாஷ் அட்டவணை’ என்னும் கணினி முறைக்கும் இந்நிலை நேரும். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிராஸ்பி, வாலக் ஆகிய இருவரும் 2003இல் இதனை மெய்ப்பித்தனர். ஸ்குவிட் உள்ளிட்ட பல மென்பொருள்களில் இக்குறை இருந்தது. அவர்கள் ஆய்ந்த ‘ப்ரோ’ என்னும் கண்காணிப்பு மென்பொருள், தொலைபேசி மோடம் அனுப்பும் அளவினும் குறைந்த தரவினாலேயே, ஆறு நிமிடங்களில் 71 விழுக்காடு வரை போக்குவரத்தைத் தவறவிட்டது. ஆற்றலன்று, அறிவே இங்கு ஆயுதம். அறையைத் தேர்ந்தெடுக்கும் கணக்கில் ஓர் இரகசிய எண்ணைச் சேர்ப்பதே இதற்கு மருந்தாயிற்று.

பொறுமையே பகையானது

2009 ஜூனில் ராபர்ட் ஹான்சன் வெளியிட்ட கருவி ஒன்றின் பெயர் ‘ஸ்லோலோரிஸ்’. மலேசியக் காடுகளிலும் வாழும், மெல்ல நகரும் தேவாங்கின் பெயர் அது. பேசத் தொடங்கிய விருந்தினன் வாக்கியத்தை முடிக்காமல் ஒவ்வொரு சொல்லாக இழுத்தால், கேட்பவன் காத்திருக்க வேண்டியதுதானே! அத்தகைய விருந்தினர் சில நூற்றுவர் வந்தால் இருக்கைகள் நிரம்பிவிடும். அப்பாச்சி வழங்கிகள் இதற்கு இலக்காயின. காத்திருப்பிற்குக் கால எல்லை வகுத்தல் இன்றியமையாததாயிற்று.

விரைவே வினையானது

பயனாளர் பக்கம் நின்ற பதிலாள், காலப்போக்கில் பெருந்தளங்களின் முன்வாயிலிலும் நிற்கலாயிற்று. 2015இல் வெளிவந்த ‘எச்.டி.டி.பி. 2’ நெறிமுறை, ஒரே இணைப்பில் பல கோரிக்கைகளை அனுப்பவும், வேண்டாதவற்றை இடையில் கைவிடவும் இடமளித்தது. கோரிக்கையை அனுப்பி உடனே கைவிட்டால், அது கணக்கிலிருந்து நீங்கிவிடும். ஆனால் பதிலாள் அதற்காகத் தொடங்கிய வேலை வீணாகும். 2023 ஆகஸ்டு முதல் இவ்வழியில் தாக்குதல்கள் நிகழ்ந்தன. கூகுள் நிறுவனம் கண்ட உச்சம் நொடிக்கு 39.8 கோடிக் கோரிக்கைகள். கிளவுட்ஃபிளேர் கண்ட தாக்குதலில் ஈடுபட்ட கணினிகளோ ஏறத்தாழ 20,000 மட்டுமே.

காவலனைக் காப்பது யார்?

அதே 2023 அக்டோபரில் வேறொரு செய்தியும் வெளிவந்தது. ஸ்குவிட் மென்பொருளை 2021இல் ஆராய்ந்தவர் 55 குறைகளைக் கண்டிருந்தார்; அவற்றுள் 35 அப்போதும் திருத்தப்படாமலே இருந்தன. அவற்றுட் பல, மென்பொருளை நிலைகுலைத்து நிறுத்திவிடக் கூடியவை. திருத்த வேண்டியவர்கள் சோம்பியிருந்தார்கள் என்று கூறுவது நேர்மையாகாது. உலகெங்கும் பயன்பட்ட அம்மென்பொருளைப் பேணிவந்தவர் தம் ஓய்வு நேரத்தைத் தந்த சில தொண்டர்களே.

மேற்கண்ட மருந்துகள் யாவும் காவலனின் பண்பை ஒழிக்கவில்லை. அதற்கு அளவு வகுத்தன. நினைவுக்கும், பொறுமைக்கும், விரைவுக்கும் அளவு வகுத்தாயிற்று. கைம்மாறு கருதாத தொண்டர்களின் உழைப்பிற்கும் அளவுண்டு என்பதை, அவ்வுழைப்பால் பயன்பெறும் நிறுவனங்கள் உணர்ந்து தோள் கொடுத்தாலன்றி, வாயிலின் காவல் உறுதிப்படாது.