நோய் குறித்த கிறித்தவ, பௌத்த நோக்குகள்

உடல் ஏன் நோயுறுகிறது, நோயாளிக்கு மற்றவர் செய்ய வேண்டிய கடமை என்ன, சாவை எவ்வாறு எதிர்கொள்வது ஆகிய கேள்விகளைக் கிறித்தவமும் பௌத்தமும் வெவ்வேறு அடித்தளங்களில் நின்று அணுகுகின்றன.

கிறித்தவத்தில் உலகம் கடவுளின் நல்ல படைப்பு. மனிதர் அவருடைய சாயல். அவரோடு கொண்ட உறவு முறிந்ததால் சாவு வந்தது. இயேசுவின் சிலுவைச் சாவும் உயிர்ப்பும் மீட்பைத் தருகின்றன. இறுதியில் உடலும் உயிர்த்தெழும் என்பது நம்பிக்கை. பௌத்தத்தில் படைப்புக் கடவுள் இல்லை. பிறப்பு, மூப்பு, பிணி, சாக்காடு எல்லாம் துக்கம். அதன் வேர் வேட்கை. நிலையான ஆன்மா என ஒன்றும் இல்லை. நால்வகை வாய்மைகள் நோய், நோய்முதல், நோய் நீங்கிய நிலை, நீக்கும் வழி என மருத்துவர் ஆராயும் வரிசையிலேயே அமைந்தவை.

இத்தனை விலகி நிற்கும் இரு சமயங்களும் ஓரிடத்தில் வியப்பூட்டும் அளவுக்கு நெருங்குகின்றன. நோய் பாவத்தின் தண்டனை, முன்வினையின் பயன் என்ற எண்ணம் இரு சமய மக்களிடமும் உண்டு. ஆனால் மூலநூல்கள் அதை அப்படியே ஏற்கவில்லை. யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டி, இது யார் செய்த பாவம் எனச் சீடர்கள் கேட்கிறார்கள். அவரும் பாவம் செய்யவில்லை, அவருடைய பெற்றோரும் செய்யவில்லை என்று இயேசு மறுக்கிறார். பௌத்த நூலான சம்யுத்த நிகாயத்தில், எல்லா வேதனையும் முன்வினையால் வருவதுதானா எனச் சீவகர் என்ற பரிவிராசகர் (அலைந்து திரியும் துறவி) புத்தரிடம் கேட்கிறார். பித்தம், சிலேத்துமம், வாதம், அவை மூன்றின் கலப்பு, பருவ மாற்றம், கவனமற்ற நடத்தை, பிறர் தாக்குதல், வினைப்பயன் என எட்டுக் காரணங்களைப் புத்தர் அடுக்குகிறார். வினை அவற்றுள் ஒன்று மட்டுமே. நோயில் படுத்திருப்பவரைக் குற்றவாளியாகப் பார்க்கும் கொடுமை இன்றும் தொடர்வதால், ஒப்பீடுகளில் அடிக்கடி விடுபடும் இப்பகுதிகளை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நோயாளிக்குச் செய்யும் பணிவிடை பற்றிய போதனையிலும் இரு சமயங்களும் நெருங்குகின்றன. வயிற்றுக்கடுப்பால் தன் கழிவிலேயே கிடந்த பிக்கு ஒருவரைப் புத்தரும் ஆனந்தரும் கழுவித் தூக்கிக் கட்டிலில் கிடத்திய நிகழ்ச்சியை பௌத்தத் துறவியர் விதிநூலான வினயபிடகத்தின் மகாவக்கம் என்ற பகுதி விவரிக்கிறது. இங்கே உங்களுக்குத் தாயும் தந்தையும் இல்லை, நீங்களே ஒருவரையொருவர் பேண வேண்டும், எனக்குப் பணிவிடை செய்ய விரும்புவோர் நோயாளிக்குச் செய்யட்டும் எனப் புத்தர் பிக்குகளிடம் சொல்கிறார். மலத்தையும் வாந்தியையும் கண்டு அருவருக்காதவர், ஆதாயம் கருதாதவர் என நல்ல செவிலியரின் இயல்புகளையும் அந்நூல் வகுக்கிறது. மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில், நோயுற்றவருக்குச் செய்தது தமக்கே செய்தது என்கிறார் இயேசு. வேறுபாடும் இங்கேதான் தெரிகிறது: கிறித்தவர் நோயாளியிடம் தம் ஆண்டவரையே காண்கிறார், மகாவக்கத்திலோ, துறவால் உறவிழந்தோர் தமக்குள் ஏற்கும் பொறுப்பு அது.

இரு போதனைகளும் நிறுவனங்களாக வளர்ந்தன. மனிதருக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ ஏற்பாடு செய்ததைக் கூறும் அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு சோழ, பாண்டிய நாடுகளையும் தாமிரபரணி எனப்பட்ட இலங்கையையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 4ஆம் நூற்றாண்டில் செசரியா நகரின் ஆயர் பசிலியார் நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் பெரிய இல்லம் அமைத்தார். கம்போடியாவின் பௌத்த மன்னர் ஏழாம் ஜெயவர்மன் காலத்தில் 102 மருத்துவமனைகள் இருந்ததாக 1186ஆம் ஆண்டின் தா புரோம் கல்வெட்டு கூறுகிறது. யாழ்ப்பாணத்துக்கு 1847இல் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார்.

ஒழுக்கத்தைப் பொறுத்தவரை, பத்துக் கட்டளைகள் கடவுள் இட்டவை. பஞ்சசீலம் ஒருவர் தாமே ஏற்கும் பயிற்சி. கொல்லாமை பௌத்தத்தில் விலங்குகளையும் தழுவும்.  

கொல்லாமை நெறி சாகும் தறுவாயிலும் பொருந்தும்: பௌத்தத்தில் ஒருவரைக் கொல்வதோ சாகத் தூண்டுவதோ பிக்குவைச் சங்கத்திலிருந்து நிரந்தரமாக நீக்கும் குற்றம். கத்தோலிக்கத் திருச்சபையும் கருணைக் கொலையை மறுக்கிறது. எனினும், வலி தணிக்கும் மருந்து ஆயுளைக் குறைக்கக்கூடும் என்றாலும் வலி தணிப்பதற்காகவே கொடுக்கலாம் என்று திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1957இல் விளக்கினார். இறக்கும் தறுவாயில் மனம் தெளிவாயிருப்பது மறுபிறப்புக்கு முக்கியம் எனக் கருதும் பௌத்தர்களிடையே, மயக்கம் தரும் மருந்தை எவ்வளவு ஏற்கலாம் என்ற கேள்வி விவாதத்தில் உள்ளது.