நீரில் விழுந்தவருக்கு முதலுதவி: வயிற்றை அமுக்காதீர்கள், மூச்சைக் கொடுங்கள்

விடுமுறை வந்துவிட்டால் நம் பிள்ளைகள் கிணறு, குளம், ஆறு, கடல் என்று கிளம்பிவிடுகிறார்கள். யாரேனும் நீரில் விழுந்துவிட்டால், 108 ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை அவரது உயிர் அருகில் இருப்பவர்கள் கையில்தான் இருக்கிறது. மூச்சு நின்ற சில நிமிடங்களிலேயே மூளை பாதிக்கப்படத் தொடங்கும்.

நாம் செய்யும் தவறு

மீட்கப்பட்டவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுப்பதும் நம் ஊர்களில் இன்றும் நடக்கிறது. இதனால் வயிற்றில் உள்ள உணவும் நீரும் மேலேறி மூச்சுக்குழாயில் புகுந்துவிடும். நேரமும் வீணாகும். அவருக்கு உடனடித் தேவை காற்று.

மீட்கும்போது

மீட்புப் பயிற்சி இல்லாதவர்கள் குதிக்க வேண்டாம். கயிறு, சேலை, நீண்ட கம்பு, மூடிய காலி பிளாஸ்டிக் கேன் ஆகியவற்றை வீசுங்கள், நீட்டுங்கள்.

மூச்சு இல்லையென்றால்

மல்லாக்கப் படுக்க வைத்து, நெற்றியைச் சாய்த்து, தாடையை உயர்த்துங்கள். மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து 5 முறை ஊதுங்கள். பிறகு நடுமார்பில் 30 அழுத்தங்கள், 2 மூச்சுகள் என மாறி மாறித் தொடருங்கள். பெரியவர்களுக்கு 5 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தங்கள். சிறுவர்களுக்கு மார்பின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும். கைக்குழந்தையென்றால் வாயையும் மூக்கையும் சேர்த்து மூடி மெதுவாக ஊத வேண்டும்.

விழுந்தவர் ஆணா, பெண்ணா என்று தயங்கி நிற்க வேண்டாம். உயிர் போகும் நிர்ப்பந்தத்தில் மார்க்கம் இதற்கு அனுமதி தந்திருக்கிறது.

கழுத்தில் அடிபட்டிருந்தால்

ஆழமில்லாத நீரில் தலைகீழாகப் பாய்ந்தவருக்கும், உயரத்திலிருந்து கிணற்றில் விழுந்தவருக்கும் கழுத்தெலும்பு முறிந்திருக்கலாம். கை, கால்களைப் பிடித்துத் தொங்கவிட்டுத் தூக்காதீர்கள். தலை, கழுத்து, முதுகு ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி பலகையில் கிடத்துங்கள். அவருக்கு மூச்சும் இல்லையென்றால், கீழ்த்தாடையை மட்டும் முன்னே தள்ளி ஊதுங்கள். காற்று உள்ளே போகாவிட்டால் தலையைச் சாய்க்கத்தான் வேண்டும், மூச்சுக்குத்தான் முதலிடம்.

பிழைத்த பிறகு

மூச்சு இருந்து நினைவு இல்லையென்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஈர உடையை மாற்றிப் போர்த்துங்கள். டீயோ தண்ணீரோ புகட்ட வேண்டாம். எழுந்து நன்றாகப் பேசினாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்தும் வரலாம்.

வீட்டுக்கு ஒருவராவது இந்த முதலுதவியைப் பயிற்சியாளரிடம் நேரில் கற்றுக்கொள்வோம்.