ஏரியோரம் "காலி" நிலம் உண்டா?



சிறுசேரிப் பக்கம் போனால் ஒரே பேச்சுத்தான்: "ஏரி ஓரமா காலி இடம் இருக்கு, வாங்கிப் போடலாமா?" அந்தக் "காலி" என்ற வார்த்தையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

நம் செங்கற்பட்டுச் சீமையை ஏரி மாவட்டம் என்பார்கள். வருஷம் பூராவும் ஓடுகிற ஆறு இங்கே இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழையை ஏரியில் தேக்கித்தான் நெல் விளைந்தது. ஓர் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போகும். இதைக் கட்டிக்காப்பது ஊரின் பொறுப்பு. பக்கத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து 921-ம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது: ஏரி வாரியத்துக்குக் குடவோலை மூலம் ஆறு பேர், பதவி 360 நாள். கணக்குக் காட்டாதவருக்கு மறுபடி இடமில்லை!

நம் காலத்துக்கு வருவோம். சிறுசேரியில் சிப்காட் கம்ப்யூட்டர் பூங்கா வந்தது. பழைய மாமல்லபுரம் சாலை அகலமாயிற்று. காணிக் கணக்குப் போய் கிரவுண்டுக் கணக்கு வந்தது. பிள்ளைகளுக்கு வேலை கிடைத்ததும் உண்மைதான். ஆனால் ஆயக்கட்டில் பயிர் இல்லையென்றால் மதகைத் திறப்பார் யார்? வாய்க்காலைத் தூர் வாருவார் யார்? தூர்ந்த வாய்க்கால் கோடையில் காலி இடம் மாதிரித்தான் தெரியும்.

தண்ணீர் தன் வழியை மறப்பதில்லை. 2015 டிசம்பர் 1-ந் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. கடன் வாங்கிக் கட்டிய வீடுகள்!

ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியச் சென்னை உயர்நீதிமன்றம் 2016-ல் தடை போட்டது. 2017-ல் வந்த வரன்முறை விதிகளிலும் நீர்நிலையில் உள்ள மனைக்கு இடமில்லை.

ஆகவே, வாங்குகிறவர் பட்டாவோடு நிற்காமல் கிராம வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் பாருங்கள். ஏரி உள்வாயா, வாய்க்கால் புறம்போக்கா என்று தெரிந்துவிடும். கார்த்திகை மழையில் ஒருமுறை நேரில் போய் நின்று பாருங்கள்.

விற்கிற விவசாயிக்கும் ஒரு வார்த்தை. உங்கள் நிலத்தை விற்பது உங்கள் இஷ்டம். ஊர் வாய்க்காலை அதோடு சேர்த்து மடக்கிக் கொடுக்காதீர்கள். அது கீழ் ஏரிக்காரனின் தண்ணீர்.