ஜென்னே பெரிய பள்ளிவாசல்

மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில், நைஜரின் துணையாறான பானியை அடுத்த ஜென்னே நகரில் உள்ள மண் பள்ளிவாசல். சுடாத மண்கல்லை அடுக்கி மண்ணையே பூசிய கட்டடங்களில் உலகிலேயே பெரியது என இதைச் சொல்வது வழக்கம். வழிபாட்டுத் தலமாக இதன் வரலாறு 13ஆம் நூற்றாண்டில் தொடங்குகிறது. இன்று நிற்கும் கட்டடம் 1907இல் முடிந்தது.

ஜென்னேயை ஆண்ட கோய் கொன்போரோ இஸ்லாத்தைத் தழுவித் தம் அரண்மனை இருந்த இடத்தைப் பள்ளிவாசலாக்கினார் என்பது வழிவழி வரும் செய்தி. 17ஆம் நூற்றாண்டில் திம்புக்துவின் அல் சாதி எழுதிய 'தாரிக் அல் சூதான்' அவர் இஸ்லாத்தில் சேர்ந்ததைக் குறிப்பிடுகிறது. சகாராவின் உப்பும் தெற்கின் தங்கமும் கைமாறிய அங்காடி நகரில், அந்தப் பள்ளிவாசல் பல நூற்றாண்டுகள் நின்றது.

அது அழிந்த விதம் தனியாகச் சொல்லத்தக்கது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாசினா அரசை நிறுவிய சேக்கு அமாது, பழைய பள்ளிவாசல் ஆடம்பரமானது என்று கருதினார். தொழும் இடத்தை இடிப்பது தகாது என்பதால் கூரையின் தூம்புகளை அடைக்கச் சொன்னாராம். மிச்ச வேலையை மழை பார்த்துக்கொண்டது. 1828இல் இங்கு வந்த பிரெஞ்சுப் பயணி ரெனே காயே, பாழடைந்த உள்ளே பறவைகள் கூடுகட்டியிருந்ததையும், நாற்றம் தாங்காமல் மக்கள் வெளிமுற்றத்தில் தொழுததையும் எழுதிவைத்தார். மண் கட்டடத்துக்குப் பகையாள் வேண்டியதில்லை; நாலு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் போதும். சேக்கு அமாது 1830களில் பக்கத்திலேயே எளிய பள்ளிவாசலொன்றைக் கட்டினார்.

1893இல் நகரம் பிரெஞ்சுக்காரர் வசமானது. 1906, 1907இல் பழைய இடத்திலேயே புதுப் பள்ளிவாசல் எழுந்தது. பிரெஞ்சு நிர்வாகம் அதற்கு உதவியதால், வடிவம் யாருடையது என்ற வாதம் ஆய்வாளரிடையே உண்டு. வேலையை நடத்தியவர் ஜென்னே கொத்தர் சங்கத்தின் தலைவர் இஸ்மாயிலா திராவோரே. அந்தச் சுவரின் ஒவ்வொரு வளைவிலும் உள்ளூர்க் கையின் பழக்கம் தெரிவதால், பெருமை அவருக்கே சேரவேண்டும்.

திங்கட்கிழமைச் சந்தை கூடும் திடலைப் பார்த்தபடி, தொழும் திசையைக் காட்டும் கிப்லா சுவர் நிற்கிறது. அதில் மூன்று கோபுரங்கள். உச்சியில் தீக்கோழி முட்டைகள். உள்ளே 90 தூண்கள் கூரையைத் தாங்குகின்றன. சுவரிலிருந்து கற்றை கற்றையாக நீட்டி நிற்பவை பனங்கழிகள். நம் பனைக்கு நெருங்கிய உறவான ஆப்பிரிக்கப் பனையிலிருந்து எடுத்தவை. பார்க்க அலங்காரம், பூச்சு நாளில் கொத்தர் ஏறி நிற்கும் நிரந்தரச் சாரமும் அவையே.

மழைக்கு முன்பு, கோடையில், பூச்சு நாள் வரும். ஆற்று மண்ணை உமியோடு குழைத்துப் பல நாள் ஊறப் போடுவார்கள். அது புளித்து வழவழப்பாகும்வரை சிறுவர்கள் அந்தச் சேற்றில் குதித்து மிதிப்பார்கள். அவர்களுக்கு அது விளையாட்டு, சாந்துக்கு அது பதம். பெண்கள் தலைச்சுமையாகத் தண்ணீர் கொண்டுவர, இளைஞர்கள் கூடைச் சேற்றோடு ஓட, கழிகளில் ஏறிய கொத்தர்கள் வெறுங்கையால் வழித்துப் பூசுவார்கள். மூத்த கொத்தர்கள் திடலில் அமர்ந்து மேற்பார்வை பார்ப்பார்கள். எந்த மண், எவ்வளவு ஊறல் என்பது கூடவே நின்று கற்கும் வித்தை.

இந்த அக்கறையே ஒரு சிக்கலையும் வளர்த்தது. ஆண்டுக்காண்டு ஏறிய பூச்சு கனத்து, கட்டடத்துக்குச் சுமையானது. 2006இல் ஒரு குழு கூரையைச் சோதிக்கக் கொத்தத் தொடங்கியபோது, ஊரார் தங்களைக் கேட்காமல் நடக்கிறதென்று கொதித்தெழுந்தார்கள். 2009 நவம்பர் 5 அன்று, ஒரே நாளில் 75 மில்லிமீட்டர் மழை கொட்டி, தென்கோபுரத்தின் மேற்பகுதி சரிந்தது. ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளையின் உதவியோடு உள்ளூர்க் கொத்தர்கள் பழைய பூச்சைச் சுரண்டி எடுத்து, கோபுரத்தை மீண்டும் எழுப்பினார்கள்.

ஜென்னேயின் பழைய நகரப் பகுதிகள் 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன. மாலியின் உள்நாட்டுப் போரால் வந்த பாதுகாப்பின்மையால் 2016 முதல் அவை ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலிலும் உள்ளன. சண்டைக்கு அஞ்சிச் சுற்றுலாப் பயணிகள் வராத ஆண்டுகளிலும், ஊரார் தங்கள் சேற்றைக் குழைத்துச் சுவரைப் பூசியிருக்கிறார்கள்.